முதலாளியிடம் நான் சொன்ன சரி

கொட்டகலை
15.2.1981

என் தங்கப் பேத்திக்கு,

உன் கம்பெனி முதலாளி நேற்று நம் தோட்டத்து லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார். கார் மேலே ஏறாது என்று ரோட்டிலிருந்து நடந்தே வந்தார். நான் பதறி எழுந்தேன். "இருங்க ஆச்சி" என்று சொல்லி, அவரும் நம் பலகையிலேயே உட்கார்ந்தார். நல்ல மனுசன்.

தேயிலை வாங்கி விற்கக் கென்யாவில் கிளை திறக்கப் போகிறாராம். "கூட்டத்தில நான் சொன்னதும் டைரக்டர்மார் எல்லாரும் சரி எண்டாங்க. ஒரு வருசம் பொறுப்பம் எண்டு உங்கட பேத்தி மட்டும்தான் எழும்பிச் சொன்னா" என்று சிரித்தார். "அதனாலதான் அவளையே அங்க மனேஜரா அனுப்பப் பாக்கிறன். வீட்டில கேக்கணுமாம். அனுப்புவீங்களா?"

என் வாய் முந்திக்கொண்டது. "சரிங்க தொரை."

அவர் போனதும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்காயி பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, பேத்தியக் கடல் தாண்டி அனுப்புறதுக்கு ஒரு நிமிசம் யோசிக்க மாட்டியா?"

யோசிக்க எங்கே விட்டது வாய்? நாற்பது வருசம் கொழுந்து பறித்தவளுக்கு, தொரை எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது. கோட்டுப் போட்ட டைரக்டர்மாருக்கும் அதுவேதான் வந்திருக்கிறது. நீ மட்டும் வேறு மாதிரி பேச எங்கே கற்றாய் அம்மா? நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது.

என் பேச்சை நீ கணக்கில் எடுக்காதே. நீ போனால் எனக்குப் பெருமை. போகாவிட்டால் எனக்குச் சந்தோசம். எதுவானாலும் அவரிடம் நீயே சொல்லிவிடு. என்னிடம் மறுபடி கேட்டால், நான் மறுபடியும் சரி என்றுதான் சொல்வேன்.

உன்
அம்மாயி