அறை என்றால் ஜன்னல் வேண்டும்

சிங்கப்பூர், ஞாயிறு

அன்புள்ள அம்மா,

உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முட்டிவலி தேவலையா? நம்மூர் இலோயிலோவில் மழை விட்டதா?

என் வேலை என்னவென்று மறுபடியும் கேட்டிருந்தீர்கள். ஒரு கட்டடத்தில் எது சுவர், எது அறை, எது எதோடு சேர்ந்தது என்று இலக்கணம் எழுதுகிறேன். வரைபடக்காரர், மின்சாரக்காரர், ஒப்பந்தக்காரர் எல்லோருடைய கணினியும் அதையே நம்பும். ஜன்னல் இல்லாவிட்டால் அது ஆள் இருக்கும் அறை அல்ல, வெறும் வெற்றிடம் என்று எழுதியதும் நான்தான்.

போன வாரம் ஒரு வேடிக்கை. நாங்கள் புதுப்பிக்கும் மருத்துவமனையில், மாடிப்படிக்குக் கீழே துப்புரவுப் பெண்கள் சாப்பிடும் மூலையைக் கணினி வெற்றிடம் என்றது. ஆட்கள் சுவரெழுப்பி அடைத்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவரான சியூ எங் அக்காவின் சோற்று டப்பா உள்ளேயே மாட்டிக்கொண்டது.

"எட்டு வருஷமா அங்கதான்டி சோறு தின்னோம். அது அறை இல்லாம பின்ன என்ன?" என்று அக்கா என்னிடமே வந்து கேட்டார்.

மேலாளர் கோ சிரித்தார். "விதி சரியாத்தான் இருக்கு, லூர்லின். அவங்க உக்காந்த இடந்தான் தப்பு."

நானும் தலையாட்டினேன். இப்போது அவர்கள் கழிப்பறை வாசலில் நின்றபடி சாப்பிடுகிறார்கள்.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். பேருந்து வரும் நேரம், முடிக்கிறேன். திரை தைக்க என் ஜன்னலின் அளவு கேட்டிருந்தீர்களே, துணி வாங்கிவிடாதீர்கள். நான் தங்கியிருப்பது அறையே இல்லை என்றுதான் என் கணினி சொல்லும்.

உங்கள் மகள்,
லூர்லின்