மூக்குச் சளியில் போன அப்பாவுக்கு

தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலைகிறது என்று சொல்லிச் சிரிக்கும் என் அருமை அப்பா,

நீங்கள் ஓட்டிய தறிகளை இப்போது அம்மா ஓட்டுகிறாள். நான் பழையபடி குச்சியில் ஊடை நூலைத் தார் சுற்றிக் கொடுக்கிறேன். எட்டாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது, "கொஞ்ச நாளைக்குத்தான் கண்ணு, அப்பறம் போயிக்கலாம்" என்றீர்கள். இனி எங்கே போவது? கரண்ட் போனால் பட்டறை முழுவதும் சட்டென்று அடங்கிவிடுகிறது. அப்போது யாராவது இருமினால், அம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நானும் அவளைப் பார்க்க மாட்டேன்.

எனக்குக் கோபமாக இருக்கிறது அப்பா. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. உயிரோடு இருப்பவர்களிடம் வாய் திறந்து பேச எனக்கு வராது என்பது உங்களுக்கே தெரியும். கடைக்கு அனுப்பினால்கூடக் கையைக் காட்டித்தான் சாமான் வாங்குவேன். அதனால்தான் எழுதுகிறேன். யார் பேரையும் போடவில்லை. அக்கா வாக்கப்பட்ட ஊரையும் சொல்லவில்லை. ஏன் என்று படிக்கிறவர்களுக்குப் போகப் போகத் தெரியும்.

அந்த மார்கழியில் அக்கா கைக்குழந்தையோடு நம் குமாரபாளையத்தில் வந்து இறங்கினாள். அவள் மாமியார் வீட்டில் குஞ்சு குளுவான் எல்லாவற்றுக்கும் சளியாம். நம் குழந்தைக்கும் பஸ்ஸிலிருந்தே மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் வீறிட்டு அழுதது.

கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் வாய் வைத்து உறிஞ்சித் துப்புவதுதானே நம் வழக்கம்? அம்மாவுக்கு அதைச் செய்தால் குமட்டும். "தள்ளு புள்ள, உன்னைய நம்பி நானும் ரெண்டப் பெத்துப்போட்டேன் பாரு" என்று குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டீர்கள்.

"ஆமாங்க, பெத்தது நீங்கதான். நான் சும்மா பக்கத்துல நின்னனாக்கும்" என்றாள் அம்மா.

நீங்கள் உறிஞ்சித் துப்பிவிட்டு, "ஏனாத்தா, இப்ப மூச்சு வருதா?" என்று கேட்டீர்கள். அது உங்கள் மீசையைப் பிடித்து இழுத்தது. அதன் பிறகு எப்போது மூக்கடைத்தாலும் அக்கா உங்களைத்தான் கூப்பிட்டாள்.

உங்களுக்கோ பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு. மேடேறினாலே இழுக்கும். அதற்கு முந்தின வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் பிடித்து, சளியையும் சோதித்து, டி.பி. இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு நீங்கள் பொட்டலம் பொட்டலமாகப் போண்டா வாங்கி வந்தீர்கள்.

குழந்தைக்கு நெஞ்சு கர்கர் என்று இழுக்க ஆரம்பித்ததும் எல்லோருமாக ஓடினோம். பவானிப் பாலத்தின்மேல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தது நீங்கள்தான். டாக்டர் குழாயை வைத்துப் பார்க்கும்போது, பின்னால் நின்று இருமினீர்கள். "பெரியவரே, கொஞ்சம் வெளிய நில்லுங்க. குழந்தை மூச்சு கேக்கல" என்றார் அவர். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனீர்கள். உங்கள் மூச்சை ஏன் அங்கே யாரும் கேட்கவில்லை? அவரை விடுங்கள், கூட வந்த நாங்கள் ஏன் கேட்கவில்லை?

குழந்தை தேறியது. உங்களுக்கு மூக்கு ஒழுகியது. தும்மிக்கொண்டே தறி ஓட்டினீர்கள். பட்டறைக்காரர், "ஏப்பா, பேத்தி சளிய வாங்கிக்கிட்டயாக்கும்? உனக்கும் ஒரு தொட்டில் கட்டோணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்து, "சளிதானுங்க, போயிருமுங்க" என்றீர்கள். மூக்குச் சளிக்குப் பெரிய ஆள் லீவு கேட்டால் ஊரில் யார் கொடுப்பார்கள்? பிறகு மூக்கு நின்றது, நெஞ்சு பிடித்துக்கொண்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினீர்கள். உதடு கருத்த பிறகுதான் எங்களுக்கு வண்டி கூப்பிடத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, வீட்டில் யாருக்காவது சளி இருந்ததா என்று கேட்டார். "அக்கா குழந்தைக்குங்க" என்றேன். அவர் தலையாட்டினார். "அதே சளியாத்தாம்மா இருக்கும். நெஞ்சு நல்லா இருக்கறவங்களுக்கு மூக்கோட போயிரும். இவருக்கு உள்ள எறங்கிருச்சு. பெரியவங்களுக்கு வந்தா அதை யாரும் தேடிப் பாக்கறதில்ல" என்றார். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். அதோடு நீங்கள் வீடு திரும்பவில்லை.

கருமாதியன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது. அக்காவின் மாமியார் குழந்தையை எங்கள் யாரையும் தொட விடவில்லை. பந்தலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உங்கொப்பன் டி.பி.ய மறைச்சு வெச்சிருந்து எங்க புள்ளைக்கு ஒட்ட வெச்சுட்டுப் போயிட்டான். ஆயுசு கெட்டி, அது பொழச்சுக்கிச்சு. இனி இவள இந்த ஊட்டுப் படிய மிதிக்க உடமாட்டேன்" என்றாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பேச வராதவள்தான் நான். ஆனாலும் எழுந்தேன் அப்பா.

"டி.பி. இல்லீங்க. ஆஸ்பத்திரியில பாத்தாங்க. வெறும் சளிங்க."

"வெறும் சளியில சாகறதுக்கு உங்கொப்பன் என்ன பால்குடியா?" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். "சரி சாமி, சளின்னே இருக்கட்டும். ஆரு குடுத்தா அவனுக்கு?"

உன் வீட்டிலிருந்து வந்தது, உன் பேத்தி மூக்கில் வந்தது என்று நாக்கு வரை வந்துவிட்டது. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

நம் வீதியில் ஒருத்தி பிறந்த மாதத்தில் அவள் மாமன் செத்துப்போனார். 'மாமன முழுங்குனவ' என்று அவள் சமைந்த சீரில்கூடப் பேசினார்களே, நினைவிருக்கிறதா? பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கும் அது போய்விடுகிறது. அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அக்கா வரவில்லை. ஊர் உங்களை டி.பி.க்காரர் என்றே சொல்கிறது. நம் வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. "டாக்டரம்மா சொன்னதச் சொல்றதுக்கு என்னடி? உங்கப்பனுக்காக ஒரு வார்த்த பேச வாயில்லாமப் போச்சா?" என்று நான் தார் சுற்றும்போதெல்லாம் அம்மா குத்துகிறாள். அவள் கேட்பது நியாயம்தான். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

குழந்தை இப்போது நடக்கிறதாம். பஸ்ஸில் பார்த்தவர்கள் சொன்னார்கள். என்றாவது அவள் பெரியவளாகி, தாத்தா எதில் செத்தார் என்று என்னிடம் கேட்பாள். பஞ்சுத் தூசியில் என்பேன். அதில் பாதி உண்மைதான். மீதிப் பாதியை அவளிடம் சொல்ல மாட்டேன், அவள் காதுபட யாரையும் சொல்லவும் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம். உங்கள் பேர் போனால் போகட்டும் என்று விட்டது நான்தான் அப்பா. கோபமிருந்தால் என் மேலேயே வையுங்கள்.

அந்தக் குழந்தைக்குச் சித்தி,
உங்களுக்குச் சின்ன மகள்.