உன் கோட்டின் கீழ் ஓரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கு முழங்கால் வலி, உன் அம்மாவுக்குக் கோபம், இரண்டும் வழக்கமான அளவில்தான் இருக்கின்றன, அதனால் நலம் என்றே எழுதலாம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதற்குக் காசா பணமா. ஃபோன் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் ஆரம்பித்தால் அந்தப் பக்கம் நீ கத்துவாய், இந்தப் பக்கம் அவள் முகத்தைத் திருப்புவாள், நடுவில் நான் இருவர் சொல்வதையும் நல்ல வார்த்தையாக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன். கடிதம் என்றால் நீ எவ்வளவு கத்தினாலும் எழுத்து அது பாட்டுக்கு இருக்கும். உன் கோட்டை வைத்திருக்கும் கண்காட்சிக்காரர்கள் இதற்குள் உனக்கு எழுதியிருப்பார்கள். என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள், ஏன் நடந்தது என்று நான் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

நீ உடை வடிவமைப்புப் படிக்க அவ்வளவு தூரம் கிளம்பிய அன்று வாசலில் நடந்ததை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை, ஆனாலும் படுத்துகிறேன். ஊருக்கெல்லாம் ஓரம் மடிச்சுத் தைச்சே உன் வாழ்க்கை போயிடுச்சும்மா என்று நீ சொன்னாய். அப்போ இனிமே ஓரம் மடிக்கணும்னு என்கிட்ட வராதே என்று அவள் சொன்னாள். ஒரு வாக்கியம் உன்னுடையது, ஒரு வாக்கியம் அவளுடையது, அதற்கப்புறம் இன்றுவரை இருவரும் பேசியதெல்லாம் என் வாய் வழியாகத்தான். சாப்பிட்டாளான்னு கேளுங்க, சாப்பிட்டேன்னு சொல்லுங்கப்பா. பஸ் ஓட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம், இந்த வேலைக்கு ஒரு நன்றி கூடக் கிடையாது.

அது போகட்டும். போன வாரம் உன் அம்மா திடீரென்று தையல் கடையில் லைனிங் துணி தீர்ந்துவிட்டது, நகரத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டும் என்றாள். நம் வீட்டு முன்னறையில் லைனிங் துணி தீர்ந்துவிட்டதாம். அந்த அலமாரியைத் திறந்தால் துணி தலையில் விழுகிறது, என் தலையில்தான் விழுகிறது, அதனால் எனக்குத் தெரியும். இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை, திறந்து வாங்கிக் கட்டிக்கொள்ள இப்போதெல்லாம் உடம்பில் தெம்பில்லை. உன் சித்தியும் அக்காவுக்குத் துணை என்று கிளம்பிவிட்டாள். அவளுக்குத் துணியெல்லாம் தேவையில்லை, பேரம் பேச எதிரில் ஓர் ஆள் கிடைத்தால் போதும். வாரம் முழுக்கப் பஸ் ஓட்டுகிறவனுக்கு வார இறுதியில் என்ன பெரிய ஓய்வு வேண்டியிருக்கிறது, இரண்டு பெண்களுக்குப் பின்னால் பைகளைச் சுமந்துகொண்டு நடந்தால் அதுவே ஓய்வுதான்.

சனிக்கிழமை முழுவதும் துணிக்கடைத் தெரு. ஒரே கட்டடத்தில் மாடி மாடியாகத் துணி, மாடி ஏற ஏற விலையும் ஏறுகிறது, என் மூச்சும் ஏறுகிறது. உன் அம்மா துணி பார்க்கும் லட்சணம் உனக்குத் தெரியும். நுனியைக் கசக்குவாள், வெளிச்சத்தில் பிடிப்பாள், ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பார்ப்பாள், டாக்டர் கூட நோயாளியை அப்படிப் பார்க்க மாட்டார். கடைக்காரர் இது துவைச்சா சுருங்கவே சுருங்காதும்மா என்றார். எல்லாக் கடையிலயும் இதையேதான் சொல்றீங்க, வீட்டுக்குப் போனதும் அது பாட்டுக்குச் சுருங்குது என்றாள். பாவம் அந்த மனிதர், ஒரு மலையையே பிரித்துப் போட்டார். சித்தி அந்தப் பக்கம் வாங்கப்போவதே இல்லாத ஒரு திரைச்சீலைத் துணிக்கு விலையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் அவர்கள் சரியென்று ஒத்துக்கொண்டதும் கலர் பிடிக்கலை என்று எழுந்து வந்துவிட்டாள். இத்தனைக்கும் நடுவில் உன் அம்மா மணி பார்க்க வேண்டும் என்று என் ஃபோனைக் கேட்டாள். கையில் கடிகாரம் கட்டியிருந்தாள். ஃபோனை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய் வெகுநேரம் மணி பார்த்தாள். திரும்பி வந்து சாம்பல் நிறத்தில் ஒரு நூல்கண்டு வாங்கினாள். அவ்வளவுதான் அன்றைய கொள்முதல், லைனிங் துணியைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். எனக்குக் கால் வலியில் ஒன்றும் தட்டவில்லை.

மறுநாள் கண்காட்சி. உங்க பொண்ணு அனுப்பினது, நீங்க போய்ப் பாருங்க, எனக்கு எதுக்கு அந்த வேடிக்கையெல்லாம் என்று சொன்னவள்தான் எங்களுக்கு முன்னால் தலைவாரி நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு, ராத்திரி தங்கிய விடுதி வாசலில் நின்றாள். கண்காட்சியைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்லக் கூடாது, நீ கோபித்துக்கொள்வாய், அதனால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மூன்று கை வைத்த ஒரு சட்டை இருந்தது, யாருக்கு என்று எழுதவில்லை. முழுக்கப் பிளாஸ்டிக் பைகளால் ஒரு கவுன் இருந்தது, நம் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அதைவிட நல்ல சேகரிப்பு இருக்கிறது, யாரும் விளக்குப் போட்டுக் காட்டுவதில்லை. கறுப்பு உடை போட்டவர்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றார்கள். நானும் கொஞ்ச நேரம் சாய்த்துப் பார்த்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது.

கடைசி அறையில் உன் கோட்டு இருந்தது. சாம்பல் நிறம், தோள் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது, காலர் திரும்பும் இடத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பக்கத்தில் உன் பெயர் அச்சில் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது. எழுதிவிட்டேன், இனி இதைப் பற்றி ஃபோனில் கேட்காதே. உன் அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தோளைப் பார்க்கவில்லை, காலரைப் பார்க்கவில்லை, நேராகக் கீழே ஓரத்தைப் பார்த்தாள். அது மடிக்காமல் பிசிறு பிசிறாக நூல் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது புது ஃபேஷன் என்று தோன்றியது, மூன்று கைச் சட்டையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு எதுவும் தோன்றும். சரி, நிதானமாகப் பார்க்கட்டும் என்று நான் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததும் கண் அசந்துவிட்டது. ஒரு தகப்பனுக்குப் பொறுப்பு என்று இருந்தால் இப்படி இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து உன் சித்தி அடுத்த அறையில் ஒரு கவுனுக்கு விலை கேட்டிருக்கிறாள். விற்பனைக்கு இல்லைங்க என்று காவலாளி சொல்லியிருக்கிறார். அதைத்தான் எல்லாக் கடையிலும் முதலில் சொல்வார்கள் என்று அவளுக்கு அனுபவம். சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், பாதிக்குக் குடுங்க என்று ஆரம்பித்திருக்கிறாள். அவர் விளக்கம் சொல்லிக்கொண்டே போக, இவள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக, உன் கோட்டு இருந்த அறையைப் பார்க்க ஆளில்லை. நான் கண் விழித்தபோது உன் அம்மா தரையில் மண்டியிட்டிருந்தாள். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ஊசி, உன் கோட்டின் ஓரம் ஒரு பக்கம் முழுக்க மடிந்து உள்ளே போயிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண்மணி, அவர்தான் அந்த இடத்துக்குப் பொறுப்பாம், ஓடி வந்து, அம்மா என்ன பண்றீங்க என்றார். உன் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருங்க, முடியப் போகுது என்றாள்.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள், என்னை ஒரு முறை முறைத்தார்கள், தூங்கியதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை என்று சொன்னேன், அதற்கும் முறைத்தார்கள். இது என் பொண்ணு தைச்சது என்று அவள் சொன்னதும் அந்தப் பெண்மணியின் குரல் இறங்கிவிட்டது. நல்ல மாதிரி அவர். பக்கத்தில் இருந்த அட்டையைக் காட்டி, கீழ் ஓரம் வேண்டுமென்றே மடிக்காமல் விடப்பட்டது என்று அதில் எழுதியிருந்ததைப் பொறுமையாக வாசித்துச் சொன்னார். அப்போது உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் தூங்கிக் கடைசி நிறுத்தத்தில் எழுப்பப்பட்டவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஊசியைப் பைக்குள் குத்திவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். செய்தவரைக் கேட்காமல் நாங்கள் அதைத் தொட மாட்டோம், பரிசுக்கு நடுவர்கள் வந்து பார்ப்பது அடுத்த மாதம்தான், அதற்குள் அவரே சொல்லட்டும் என்றார் அந்தப் பெண்மணி. உன் முதல் கண்காட்சி, நீ தூக்கம் கெட்டுச் செய்த வேலை, பரிசு கிடைக்குமோ என்னவோ, அதில் உன் அம்மா போய் ஊசியைக் குத்திவிட்டு வந்திருக்கிறாள். உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம்தான், நான் பூசி மெழுகப் போவதில்லை.

அங்கிருந்து நேராக ரயில் ஏறினோம். அந்தக் காவலாளி இன்னும் கொஞ்சம் இருந்தால் படிந்திருப்பார் என்று சித்திதான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, உன் அம்மா பையைக் கூடப் பிரிக்காமல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, மிஷினை ஓட்டாமல் இருந்தாள். என்னதான் நினைத்துக்கொண்டு அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நீ எனக்கு அனுப்பிய கோட்டின் படத்தை அவள் முன்பே திருட்டுத்தனமாக என் ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். ஓரம் மடிக்காமல் தொங்குவதைக் கண்டிருக்கிறாள். அன்னைக்கு வாசல்ல என்கிட்ட வராதேன்னு சொல்லிட்டேன் இல்ல, அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு ஓரத்தை அப்படியே விட்டுட்டா, நாலு பேர் முன்னாடி அது பிசிறு பிசிறா நிக்குது, என் வாயாலதானே என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. லைனிங் துணி, நூல்கண்டு, மணி பார்த்தது எல்லாம் இதற்குத்தான். ஓரம் மடிக்கிறதை அவ்வளவு கேவலமாகப் பேசிய பெண்ணுக்கு ஓரம் மடித்துக் கொடுக்க ரயில் ஏறிப் போயிருக்கிறாள். நீ ஏன் மடிக்காமல் விட்டாய் என்று எனக்குத் தெரியாது. அட்டையில் எழுதியிருப்பது தலையைச் சாய்த்துப் பார்க்கிறவர்களுக்கு. அவளுக்கு என்ன பதில் என்று நீ சொல், என்னிடம் வேண்டாம், அவளிடம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அவள் போட்டது நிரந்தரத் தையல் இல்லை, கச்சாத் தையல். அவள் கடைப் பழக்கம் உனக்குத் தெரியுமே, உடுத்துகிறவர் எதிரில் வந்து நின்றால்தான் கடைசி மடிப்பைத் தைப்பாள், அதுவரைக்கும் ஒற்றை நூலோட்டம், முடிச்சுக் கிடையாது. இடது பக்கத் தையலுக்கு உள்ளே நூல் நுனி தொங்கும், இழுத்தால் முழுவதும் வந்துவிடும், துணிக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பெண்மணிக்கு நீ எழுதிவிட்டால் அவர்களே உருவிவிடுவார்கள். ஏன் முடிச்சுப் போடவில்லை என்று கேட்டதற்கு, அவ என் எதிர்ல வந்து நின்னு எவ்வளவு காலமாச்சு, எந்த உயரத்துல மடிக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும் என்றாள். சொல்லிவிட்டு மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள், ஊசியில் நூலே கோக்கவில்லை, நான் பார்த்தேன்.

குளிர் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு போ. ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே, உன் குரலிலேயே தெரிகிறது. பரிசு வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கோட்டின் தோளைப் பார்த்தவன் நான், அது போதும் எனக்கு. நீ நினைத்ததெல்லாம் நடந்து, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. மறக்காமல் ஒன்று செய், இந்த முறை என் ஃபோனுக்குக் கூப்பிடாதே, நான் எடுக்கப் போவதில்லை. கடை எண்ணுக்குக் கூப்பிடு. அதை அவள்தான் எடுப்பாள்.

இப்படிக்கு,
தூது போகும் வேலையை இன்றோடு விட்டுவிட்ட
உன் அப்பா