சரிகையில் கட்டிய கெப்பாசிட்டர்

அன்பு மகன் கிரணுக்கு, உன்னையும் லாவண்யாவையும் அப்பன் ஸ்தானத்தில் நின்று வளர்த்த சித்தப்பா திருமலை ஆரணியிலிருந்து எழுதுவது. அடிதடி நடந்தும் இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் ஜெர்மனிக் குளிரில் காது மூக்கு உதிராமல் சௌக்கியமாக இருக்க ரேணுகாம்பாள் துணை.

நீ விட்டுப்போன வால்வு ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் சொருகித்தானே உன் தங்கச்சி ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கிறாள், போன மாதம் அதன் தொண்டை அடைத்துவிட்டது. கம்பளிக்குள் தலையை விட்டுப் பாடுவது போல ஒரு சத்தம், கீச்சுப் பக்கமே இல்லை. ஆர்கெஸ்ட்ராக்காரன் அன்பழகன், "படவேட்டுத் திருவிழாவுலயும் இப்டி கொழகொழன்னு கேட்டுச்சுன்னா உன் எடத்துக்கு வேற ஆளும்மா" என்றுவிட்டான். பெண் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. நான் சும்மா இருப்பேனா, எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் ஆரணியில் எந்தத் தறியும் என்னைக் கண்டால் நடுங்கும். பெட்டியின் முதுகைப் பிளந்தேன். வால்யூம் குமிழின் குறுக்கே உளுந்தளவு ஒரு கெப்பாசிட்டர், கால் ஒடிந்து தொங்கியது. தடித்த சத்தமெல்லாம் குமிழ் வழியாக நசுங்கிப் போகும்போது கீச்சுச் சத்தத்துக்கு மட்டும் குறுக்கு வழி விடுகிறது அதுதான். குமிழைக் குறைத்து வைத்தால்தான் அதன் வீரம் தெரியும், முழுக்கத் திறந்துவிட்டால் அது இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இதை லாவண்யா சொன்னாள், நான் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

வேலூர் போய்ப் புதுசு வாங்கி வந்தேன். பற்றவைக்க ஈயம் எதற்கு? தறியில் புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோடு சேர்க்க ஆயிரக்கணக்கான இழைகளைச் சாம்பல் தொட்டு முறுக்குகிற விரல்கள் இவை. நல்ல வெள்ளிச் சரிகையைச் சுற்றி முறுக்கி முடிச்சுப் போட்டேன். ஈயம் வைத்ததாக அவளிடம் சொன்னேன். வீட்டில் மீட்டிப் பார்த்தாள், என்ன கூர்மை, ஓட்டின் மேலிருந்த காக்கை மயங்கி விழுந்தது.

படவேட்டில் சாயங்காலம் ஆறு மணி, பத்தாயிரம் ஜனம், லாவண்யா முந்நூறு என்பாள். இரண்டாவது பாட்டில் பெட்டி அதிர்ந்த அதிர்வில் சரிகை அவிழ்ந்து, அதன் வால் பக்கத்து ஒயரில் போய் உரசியது. கத்தியால் காதை அறுப்பது போல ஒரே வீறல்! குழந்தைகள் அலறின. அன்பழகன் ஓடி வந்து பெட்டியை எட்டி உதைத்து, "எறங்குடி கீழ, மானத்த வாங்கறதுக்குன்னே வந்துகினு" என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். மைக் ஸ்டாண்டை உருவினேன். ஒரே போடு, மூக்கில் ரத்தம். அவன் ஆட்கள் ஐந்து பேர் என் மேல் பாய்ந்தார்கள், நாலு பேரைப் பந்தலுக்கு வெளியே வீசினேன், ஐந்தாமவன் என் முன்பல்லை வாங்கிக்கொண்டான்.

அந்த ஆத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சரிகையை அறுக்க இடது கையை உள்ளே விட்டேன். "சித்தப்பா, கைய வெக்காதீங்க!" என்று லாவண்யா கத்தினாள். கரண்டைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் பாம்பு மாதிரி விஷத்தை அடக்கி வைத்திருக்குமாமே! எருமை முட்டியது போலத் தூக்கி அடித்ததில் தவில் மேல் போய் விழுந்தேன். இரண்டாயிரம் வோல்ட்டு. நானூறு என்று அவள் சொல்வாள், நம்பாதே.

அவள் அழவில்லை. அந்த விஷத்தை இறக்கி, சவுண்டு செட்டுக்காரனிடம் சூட்டுக்கோல் வாங்கி, சரிகையை வெட்டி எறிந்து, ஈயம் வைத்துப் பத்து நிமிஷத்தில் பற்றவைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே வாசித்தாள். மகனே, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பளிச்சென்று விழுந்தது. அன்பழகன் மூக்கில் துணியைத் திணித்தபடி கீபோர்டு வாசித்தான். முடிந்ததும், "வெள்ளிக்கெழம சந்தவாசல்ல கச்சேரி, ஜல்தியா வந்துடும்மா. உங்க சித்தப்பன மட்டும் இட்டுகினு வராத" என்றான்.

வெளியூரில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள், இரண்டு கையும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் பாயுமாம். வேளைக்குச் சாப்பிடு. நீடூழி வாழ்வாய், நூறு மேடை ஏறுவாய்.

இன்னொன்று, வாட்சப்பில் அனுப்பாமல் தபாலில் போடுவதற்குக் காரணம் உண்டு, என் போனை லாவண்யா எடுத்துப் பார்ப்பாள். இடது கையில் இரண்டு விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது, இழை பிடிபடவில்லை. லாவண்யாவிடம் சொல்லிவிடாதே, தெரிந்தால் கிட்டாரைத் தொடமாட்டாள்.

இப்படிக்கு, உன் சித்தப்பா,
கு. திருமலை, ஆரணி.