பிரெஞ்சுக் கோழியும் உங்கள் சைக்கிளும்

திங்கள் காலை

என்னங்க,

பிரெஞ்சுச் சமையலின் மானம் நேற்று மதியம் நம் வீட்டில் காப்பாற்றப்பட்டது. காப்பாற்றியது உங்கள் சைக்கிள்தான்.

நான் முட்கரண்டிகளை அடுக்கி அழகு பார்த்த நேரத்தில் அடுப்பில் வைத்த பிரெஞ்சுக் கோழி கருகிவிட்டது. எங்கள் பாங்க் மேனேஜரும் அவர் மனைவியும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, நீங்கள் கொல்லைப் பக்கமாகச் சைக்கிளில் போய் ஓட்டல் கோழிக் குருமாவைத் தூக்குவாளியில் வாங்கி வந்தீர்கள். "மேனேஜர் முன்னாடி லுங்கியோட வந்து நிக்காதீங்க" என்று காலையில் உங்களை விரட்டியவள் நான். "நீ போய்ச் சிரிச்சுப் பேசு, நான் பாத்துக்கறேன்" என்று வேட்டி மாற்றிக்கொண்டு பரிமாறவும் வந்தீர்களே, அதை மறக்கமாட்டேன்.

"யார் சமையல்?" என்று அந்தம்மா கேட்டதும் "நான்தான்" என்றேன். நீங்கள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டீர்கள்.

இன்று ஐந்து மணிக்கு அந்தம்மா செய்முறை எழுதிக்கொள்ள வருகிறார். உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். ஐந்தரைக்கு வந்து உண்மையை நானே சொல்லிவிடுகிறேன்.

மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிட்டுத் தூங்குங்கள். கருவாட்டுக் குழம்பு இருக்கிறது.

ஆதிலட்சுமி

பி.கு. தூக்குவாளியை ஓட்டலில் கொடுத்துவிடுங்கள். அதில் ஓட்டல் பெயர் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். நேற்று அது மேஜை நடுவிலேயே இருந்தது.