புதைக்காமல் வைத்த கட்டி

அக்கா,

இன்று மருத்துவமனையில் ஒரு மெழுகுத் துண்டை என் கையில் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சிறியது, நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு. உன் மகள் கவிதாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியின் துணுக்கு அது. சென்னை லேபில் சோதனை முடிந்து கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியிருக்கிறது. பின்னால் தேவைப்படலாம், பத்திரமாக வைத்திருங்கள் என்றார்கள். அதைப் பார்த்ததும் பெரியவர் மேல் எனக்குள்ள கோபம்தான் முதலில் வந்தது.

உனக்கு அறுவை நடந்த அன்று கட்டியைப் பாட்டிலில் போட்டு, லேபில் சேர்க்கச் சொல்லி, உன் வீட்டுக்காரரின் அண்ணனான அவரிடம்தான் கொடுத்தார்கள். அவர் அதை வடக்கனந்தலுக்கு எடுத்துப் போய், மஞ்சள் துணியில் சுற்றி, உங்கள் நிலத்தின் மூலையில் புதைத்துக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார்.

"பொம்பள ஒடம்புல ஒரு பாகம். அத கண்டவன் அறுத்துப் பாக்கறதா? மண்ணுலதான் சேரணும்" என்றார்.

நான் கத்தினேன். நீ கட்டிலில் படுத்தபடி, "உடுடா, மரியாதன்னு நெனச்சிதான் பண்ணாரு" என்றாய்.

புற்று என்று மட்டும் ஊசிச் சோதனை சொல்லியிருந்தது. எந்த வகை என்று தெரியாமலே உனக்குக் கீமோ ஏற்றினார்கள். முடி போனது, நகம் கறுத்தது, சோறு இறங்கவில்லை. அப்படியும் நீ பிழைக்கவில்லை. அந்த மருந்து போதவில்லையா, பொருந்தவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியவர் செத்தபோது நான் சாவுக்குப் போகவில்லை.

தனக்கும் கட்டி என்று தெரிந்ததும் கவிதா கேட்டது ஒன்றுதான். "மாமா, அம்மாவுக்கு ஏத்துன மருந்த எனக்கும் ஏத்துவாங்களா?" உனக்கு வாந்திச் சட்டி பிடித்தவள் அல்லவா.

அறுவைக்குப் பிறகு டாக்டரம்மா இரண்டு சோதனைகளைச் சொன்னார். இரத்தத்தில் செய்வது ஒன்று, நோய் பரம்பரையாக வந்ததா என்று பார்ப்பது. கட்டியிலேயே செய்வது இன்னொன்று, இந்தக் கட்டி திரும்பி வரக்கூடியதா, கீமோவால் பயன் உண்டா என்று பார்ப்பது. ஹார்மோனால் வளரும் வகை, அக்குளுக்குப் பரவவில்லை, அதனால் கீமோவை முடிவு செய்யும் முன் கட்டியைச் சோதிக்கலாம் என்றார்.

கவிதாவின் மாமியார் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார். "ஜீன் டெஸ்ட்டே வாணாங்க. பரம்பர நோயின்னு எழுதிக் குடுத்துட்டா, எங்க பேத்திய நாளைக்கி எவன் கட்டிக்கினு போவான்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இன்னொரு பெரியவர் என்று நினைத்து வாயைத் திறந்தேன். கவிதா முந்திக்கொண்டாள்.

"மாமா, நீ கம்முனு இரு. உன்ன பேச உட்டா சம்பந்தமே முறிஞ்சிடும். அத்தே, கட்டியில பண்றது உங்க பேத்திய பத்தி இல்ல. நீ திரும்பி வருவியான்னு கட்டியையே கேக்கறது. ரத்தத்துல பாக்கறது வேற. அதையும் நான் பாக்கத்தான் போறேன். மறைச்சா மட்டும் அவளுக்கு வராம பூடுமா?"

"வாய பாரு, அப்படியே அவங்க அம்மா" என்று மாமியார் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு தடை சொல்லவில்லை.

இரத்த முடிவு முதலில் வந்தது. பரம்பரைக் குறை எதுவும் அதில் தென்படவில்லை. கட்டியின் முடிவு இன்று வந்தது. திரும்பி வரும் வாய்ப்பு குறைவு, கீமோ வேண்டாம், கதிர்வீச்சும் மாத்திரையும் போதும் என்றார் டாக்டரம்மா. "இன்னாங்க, நெஜமாவா?" என்று கவிதா திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு பின்னலை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். என் தோள்கள் தாமாக இறங்கின. இத்தனை நாள் அவற்றைத் தூக்கிப் பிடித்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

இத்தனை வருடமாக உன்னை நினைத்தால் அந்த மொட்டைத் தலையும் கறுத்த நகமும்தான் வரும். கூடவே பெரியவரும் பாட்டிலோடு வந்து நிற்பார். இன்று வீடு திரும்பும்போது வேறு ஒன்று வந்தது. தியாகதுருகத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு, அடுத்த நிமிடமே அவருக்கு வேர்க்கடலை நீட்டினாய். "சண்டைய சட்டுனு முடிச்சிடணும்டா. எறங்கற வரிக்கும் இழுக்கக் கூடாது" என்றாய்.

பெரியவரோடு உள்ள சண்டையை முடித்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், அக்கா. ஆனால் இப்போது உன்னை நினைத்தால் முதலில் வருவது அவர் இல்லை. ஜன்னலோரம், முடி பறந்து என் முகத்தில் அடிக்க, வாய் நிறையக் கடலையோடு சிரிக்கும் நீதான்.