ஐப்பசிக்குக் காத்திருந்த கோழிகள்

புரட்டாசி 2, வியாழன்

காலையிலேயே சுள்ளென்று வெயில். மாடிக் கொட்டகைத் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. கோழிகள் வாயைத் திறந்து இளைக்கின்றன. மேலே ஈரச் சாக்கு போட்டேன்.

வாங்க: மரத்தூள், எலுமிச்சை, துளசி மாலை, கொசுவத்தி.

தரையில் பரப்பியிருந்த பஞ்சு முழுவதையும் அள்ளிக் கொட்டியாயிற்று. மில்லில் சும்மா கிடைக்கிறதே என்று இவர் மூட்டை மூட்டையாய்க் கொண்டுவந்த வேஸ்ட் பஞ்சு. குஞ்சுக்கு மெத்தை மாதிரி இருக்குமாம். ஈரத்தைக் குடித்துக் கட்டி தட்டி ஒரே நாற்றம். பிறகு ரத்தக் கழிச்சல். இருபது குஞ்சில் நான்கு அதில் போனது. மருந்து படாத கறி மகள் கவிக்கு வேண்டும் என்றுதான் வீட்டில் வளர்க்கவே ஆரம்பித்தோம். தண்ணீரில் மருந்தைக் கலக்கி ஊற்றியதும் நான்தான். அவளிடம் சொல்லவில்லை.

புரட்டாசி 4, சனி

முதல் சனி. ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து பக்கத்திலிருக்கிற பெருமாள் மலை, எங்கள் திருவண்ணாமலை. நல்ல கூட்டம். செருப்பைக் காணோம். வெறுங்காலோடு வீடு.

கவிக்கு நான்காம் மாதம். போன தடவை மூன்றிலேயே தங்காமல் போயிற்று. அதற்காகத்தான் நேர்ந்துகொண்டேன். புரட்டாசிச் சனி அத்தனைக்கும் மலை ஏறுவேன். மாதம் முடிய எங்கள் கையால் ஓர் உயிர் போகாது. தீபாவளிக்கு அவள் வருவாள், அப்போது கறி.

ஆவணியில் பிராய்லர் குஞ்சு வாங்கும்போது, அது கறிக்கு ஆகிற நாள் புரட்டாசிக்குள் விழும் என்று தோன்றவே இல்லை. நாட்டுக்கோழி நினைப்பு. கூடக் கொஞ்ச நாள் நின்றால் என்ன என்று. கூறு கெட்டவள்.

புளியோதரை மிச்சம். கோழிக்கு வைத்தேன். அடித்துப் பிடித்துத் தின்றன.

புரட்டாசி 12, ஞாயிறு

மேகமூட்டம். நேற்று ஏறியதில் முழங்கால் வலி.

பெரிய கோழி ஒன்று தின்றுகொண்டே இருந்தது. திடீரென்று சிறகை அடித்து மல்லாந்தது, அவ்வளவுதான். கையில் தண்ணீர்ச் செம்போடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோழிக்கடை காதர் பாயிடம் போய்க் கேட்டேன். புரட்டாசி என்பதால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இது நாட்டுக்கோழி இல்லக்கா. உடம்பு பெருத்துக்கிட்டே போகும், நெஞ்சும் காலும் தாங்காது. இன்னைக்கே குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"ஐப்பசி பொறக்கட்டும் பாய்."

"நீங்க பொறுப்பீக. அது பொறுக்கணும்லா."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுக்கத்தான் கொடுக்கிறேன் என்று தெரிந்தே அவர் கையில் கொடுத்தால் நேர்த்தி நிற்குமா? பெருமாளிடம் போய் யாரை ஏமாற்ற.

புரட்டாசி 17, வெள்ளி

கால்நடை டாக்டர் தீவனத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். எடை ஏறாமல் இருந்தால் கொஞ்ச நாள் தாங்குமாம். குறைத்தேன்.

சாயங்காலம் என் காலடிச் சத்தம் கேட்டு எல்லாம் எழுந்திருக்கப் பார்த்தன. பாதிக்குக் கால் ஊன்ற முடியவில்லை. நெஞ்சைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தன. மனசு கேட்காமல் தீவனத்தை அள்ளிப் போட்டுவிட்டேன்.

"ஏட்டி, நீ பாசம் காட்டியே கொன்னுருவ போலிருக்கு," என்றார் இவர். சண்டை. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

கோழிகளுக்கு நெஞ்சில் இறகு இல்லை, புண். மஞ்சள் பூசினேன்.

கவி போன். வாந்தி குறைந்திருக்கிறதாம். "கோழி எம்புட்டுப் பெருசாயிருக்கும்மா?" என்று கேட்டாள். உன்னால் தூக்க முடியாது என்றேன். அது பொய்யில்லை.

புரட்டாசி 22, புதன்

ராத்திரியிலிருந்து மழை. கரண்ட் இல்லை. மாவு புளித்துவிட்டது.

இன்று இரண்டு. வயிறு நீர் கோத்து உப்பி, மூச்சு விட முடியாமல். இவர்தான் கொல்லையில் குழி தோண்டினார், குடை பிடித்துக்கொண்டு நின்றேன். இடையில் போனதையும் சேர்த்தால் பாதிக்கு மேல் குழிக்குள் போயாயிற்று. உயிர் போகக் கூடாது என்று நேர்ந்தவள் வீட்டில் இப்படி. கத்தி எடுக்கவில்லை என்பது மட்டும்தான் மிச்சம்.

புரட்டாசி 25, சனி

கடைசிச் சனி. மலையில் வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து புடவை கூட மாற்றாமல் மாடிக்குப் போனேன். ஒரு சேவல் இரண்டு காலும் விரிந்து கிடக்கிறது. நெஞ்சுப் புண்ணில் எறும்பு. கண் மட்டும் என் பக்கம். துடைத்துவிட்டேன். திரும்பவும் ஏறியது.

"இன்னும் ஒரு வாரம்தாம்ட்டி. நம்ம புள்ளைய நெனச்சுப் பாரு," என்றார்.

அவளை நினைத்துத்தானே இத்தனை நாளும் பார்த்துக்கொண்டு நின்றேன். கவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், மருந்து ஊற்றியது, நேர்த்தி, எறும்பு எல்லாம்.

"எனக்காகவாம்மா அது அப்படிக் கெடக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள்.

கத்தியைத் தீட்டினேன். இவர் தடுக்கவில்லை, சேவலின் காலைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று அடங்கியது. மற்றக் கோழிகளை எடுத்துப் போகக் காதர் பாயை வரச் சொல்லியாயிற்று.

பெருமாளே, பாவம் என்றால் என் தலையில் இறங்கட்டும். அவள் வயிற்றுக்குப் போக வேண்டாம்.